மேய்ச்சல் மலையின் அயலூர் டாக்டர்கள்

*டாக்டர் இல்லாமல் தவிக்கும் சிசிலி மலையூர்களுக்குக் கடல் கடந்து வருகிறார்கள். எத்தனை நாளுக்கு?*

ஜூலை மாதம். பலெர்மோ நகரிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே, மதோனியே மலையில் ஒரு கிளினிக். அறுபதைத் தாண்டிய ஆட்டுக்காரர் வந்து உட்காருகிறார். நாலு நாளாகக் காய்ச்சல், தலை பிளக்கிறது, மூட்டுக்கு மூட்டு வலி. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுகிறார். சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளைப் பார்க்கிறார். பிறகு தொடை இடுக்கு. பிறகு பெல்ட் இறுக்கும் இடம். அங்கே இருக்கிறது அது. சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்துக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்கவே இல்லை என்பதால் ஆட்டுக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நாய் வளர்க்கிறீர்களா என்று ஒரே ஒரு கேள்வி. மந்தைக்குக் காவலாக மூன்று நாய்கள். டாக்டர் டாக்சிசைக்ளின் எழுதுகிறார்.

கோடை வந்தால் சிசிலியின் மேய்ச்சல் ஊர்களில் வழக்கமாக நடப்பதைத்தான் இங்கே காட்சியாகச் சொன்னேன். நாய் உண்ணி கடித்து வரும் இந்தக் காய்ச்சலுக்கு இத்தாலியில் ‘பொத்தோனோசா’ என்று பெயர். உடம்பெல்லாம் பொத்தான் தைத்ததுபோல் தடிப்பதால் அந்தப் பெயர். நம் பொத்தானும் அவர்கள் பொத்தோனேயும் ஒரே குடும்பத்துச் சொற்கள். நம்முடையது போர்த்துக்கீசியர் கப்பலில் வந்தது. இத்தாலியில் இந்தக் காய்ச்சல் அதிகம் தென்படும் இடங்களில் சிசிலி முன்னணியில் இருக்கிறது.

இதே பொருக்கை இதே இடங்களில் தேடுகிற டாக்டர்கள் வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் உண்டு. மழைக்காலம் முடியும் தறுவாயில் விடாத காய்ச்சலோடு ஒருவர் வந்தால் அங்கேயும் அக்குளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அது ஸ்கிரப் டைபஸ். கிருமி வேறு, கடிக்கும் பூச்சியும் வேறு. எழுதிக்கொடுக்கும் மாத்திரை மட்டும் அதே டாக்சிசைக்ளின். அதாவது, நம்மூரில் படித்த ஒரு டாக்டரை மதோனியே மலையில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அந்த ஆட்டுக்காரரின் இடுப்பில் எதைத் தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஊர் பழகாவிட்டாலும் அந்தப் பொருக்கு பழகியதுதான்.

அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் இன்று சிசிலிக்கே தலைவலி.

மேயர் போட்ட தூண்டில்

பலெர்மோ பெருநகர மாவட்டத்தில் 82 ஊராட்சிகள். கடற்கரையை விட்டு உள்ளே போனால் மலையும் மேய்ச்சலும்தான். பெத்ராலியா சொப்ரானா கடல் மட்டத்திலிருந்து 1,147 மீட்டர் உயரம், நம் ஏற்காட்டை விடவும் குளிர். பக்கத்தில் பெத்ராலியா சொத்தானா. சுற்றுவட்ட ஊர்களுக்கெல்லாம் அங்கேயுள்ள ஆஸ்பத்திரிதான் கதி. இளைஞர்கள் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு வயதாகிறது, அவர்களுடைய டாக்டர்களுக்கும் வயதாகிறது. ஒரு குடும்ப டாக்டரிடம் 1,500 பேர் வரை பதிவு செய்யலாம் என்பது இத்தாலியின் பொது விதி. அவர் ரிட்டயர் ஆனால் அந்த 1,500 பேரும் ஒரே நாளில் அனாதை.

அரசு ஆஸ்பத்திரிகள் முதலில் கண்டுபிடித்த வழி, ஷிப்ட் கணக்கில் கூலிக்கு டாக்டர் பிடிப்பது. ‘டோக்கன் டாக்டர்கள்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஏஜென்சி ஒருவரை அனுப்பும், அவர் வந்து பன்னிரண்டு மணி நேரம் இருப்பார், காசு வாங்கிக்கொண்டு போவார், அடுத்த வாரம் வேறொருவர். செலவு தாங்காமல், புதிய டோக்கன் ஒப்பந்தங்களுக்கு 2025 ஜூலை 31-ஓடு மத்திய அரசு கதவைச் சாத்தியது.

இந்த இழுபறிக்கு நடுவே முசொமேலி என்ற ஊர் தன் வழியைத் தானே தேடிக்கொண்டது. பலெர்மோவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். நிர்வாகக் கணக்கில் பக்கத்து மாவட்டமான கல்தானிசெத்தாவைச் சேர்ந்தது. பாறை உச்சியில் பதினான்காம் நூற்றாண்டுக் கோட்டை. கீழே கோதுமை வயலும் ஆட்டு மந்தையும். பூட்டிக் கிடந்த வீடுகளை ஒரு யூரோவுக்கு விற்று உலகச் செய்திகளில் அடிபட்ட ஊர். வீடு வாங்க ஆள் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு டாக்டர்கள் வரவில்லை. மேயர் ஜுசெப்பே கத்தானியா அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்துப் பக்கம் தூண்டில் போட்டார். 2023-இல் அர்ஜென்டினா டாக்டர்கள் வந்து முசொமேலி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

அர்ஜென்டினா எதற்கு என்று கேட்டால், அங்கே இருப்பவர்களில் பெரும் பங்கு இத்தாலியர்களின் பேரன் பேத்திகள். பசியால் கப்பலேறிய சிசிலிக்காரனின் கொள்ளுப்பேத்தி ஸ்டெதஸ்கோப்போடு திரும்பி வருகிறாள் என்றால் எந்த ஊருக்குத்தான் பெருமையாக இருக்காது! மேய்ச்சல் பண்ணைகளின் நாட்டிலிருந்து வருவதில் ஓர் அனுகூலமும் உண்டு. ஆட்டை அறுத்துக் குடலையும் ஈரலையும் நாய்க்குப் பச்சையாகப் போடும் பழக்கத்தால் வருவது ஹைடாட்டிட் கட்டி. மனித ஈரலில் நீர் நிறைந்த பலூன்போல் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். படகோனியாவின் ஆட்டுப் பண்ணைகளில் அது பழைய நோய். சிசிலி மேய்ச்சலிலும் அப்படியே.

சிசிலிக்கு எதிர்க்கரையான கலாப்ரியா இன்னும் தூரம் போனது. மாகாணத் தலைவர் ரொபெர்த்தோ ஒக்கியூத்தோ 2022 ஆகஸ்டில் கியூபா அரசோடு ஒப்பந்தம் போட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் அணியாக 51 கியூபா டாக்டர்கள் வந்து இறங்கினார்கள். உள்ளூர் டாக்டர் சங்கங்கள் கொதித்தன. கலாப்ரியாவின் பொலிஸ்தேனா ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த நோயாளிகளுக்கு அந்தக் கொதிப்பு புரியவில்லை.

> பெட்டிச் செய்தி: பலெர்மோவின் மேய்ச்சல் உலகம்
>
> ‘சினிசாரா’ கறுப்புப் பசு: விமான நிலையத்தை ஒட்டியுள்ள சினிசி ஊரின் பெயரைத் தாங்கியது. கல்லுமலையில் மேய்ந்தே வாழும். இதன் பாலில் ‘கச்சோகவாலோ பலெர்மித்தானோ’ என்ற சீஸ் செய்கிறார்கள். பெரிய செங்கல் வடிவில் இருக்கும்.
>
> ‘வஸ்தெத்தா’: பெலிச்சே பள்ளத்தாக்கின் ஆட்டுப்பால் சீஸ். 2010 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு பெற்றது.
>
> ‘திராட்சேரா’: மந்தை போகும் அரச வழித்தடம். பூர்போன் மன்னர் காலத்து அளவு 37.68 மீட்டர் அகலம்.
>
> கோடையில் மலை, குளிர்காலத்தில் சமவெளி என்று மந்தையோடு நடக்கும் இடம்பெயர்வை, இத்தாலி, கிரீஸ், ஆஸ்திரியா மூன்றுக்குமாக 2019-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. தஞ்சைக்கு ஆடு ஓட்டிவந்து வயலில் கிடை போடும் நம் கீதாரிகளை அந்த மலைக்காரர்கள் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

‘தூமா சாப்பிட்டீர்களா?’

கிளினிக்குக்குத் திரும்புவோம். அடுத்து வருபவருக்கும் காய்ச்சல்தான், ஆனால் வேறு மாதிரி. சாயங்காலமானால் ஏறுகிறது, ராத்திரி தலையணை நனைய வேர்க்கிறது, காலையில் ஒன்றுமில்லை. முதுகு வலி. வாரக்கணக்கில் இப்படியே. நம்மூர் டாக்டர் என்றால் காசநோயைத்தான் முதலில் நினைப்பார். இங்கே அதோடு கூட இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: தூமா சாப்பிட்டீர்களா?

தூமா என்பது உப்பு போடாத, அன்றைக்கே உறைய வைத்த பச்சை சீஸ். காய்ச்சாத பாலில் பட்டியிலேயே செய்து, கறந்த வீட்டார் வெதுவெதுப்பாகத் தின்பார்கள். புரூசெல்லா கிருமிக்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது. ‘மால்தா காய்ச்சல்’ என்று ஊர் சொல்வது இந்தக் கிருமி தரும் நோயைத்தான். 1887-இல் பக்கத்துத் தீவான மால்தாவில் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். ஆட்டுப்பால்தான் வழி என்று 1905-இல் தெமிஸ்தோக்ளெஸ் சம்மித் காட்டினார். இவ்வளவு காலம் கழித்தும் இத்தாலியில் இந்த நோய் முக்கியமாகத் தங்கியிருக்கும் இடங்களில் ஒன்று சிசிலி.

பாடப் புத்தகத்தில் இந்த நோய் இருக்கிறது, ‘தூமா’ என்ற சொல் இல்லை. அயலூர் டாக்டர் இத்தாலி மொழித் தேர்வில் தேறி வந்தாலும் கிழவர்கள் பேசுவது சிசிலி மொழி. நேரடியாக “உங்கள் ஆடுகளுக்கு நோயா?” என்று கேட்டால் பதில் வராது. சோதனையில் கிருமி இருப்பது தெரிந்தால் அரசாங்கம் ஆடுகளைக் கொல்லச் சொல்லும் என்ற பயம். அதனால் சுற்றி வளைத்து, ஈஸ்டருக்கு என்ன சமைத்தீர்கள், தூமா யார் கொடுத்தார்கள் என்று போக வேண்டும். இந்தப் பேச்சு கைவர எத்தனை மாதம் ஆகும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது.

மரியாதைச் சொல்லும் ஒரு பள்ளம். சிசிலிக் கிராமத்துப் பெரியவரை ‘வொஸ்ஸியா’ என்று அழைப்பார்கள். நம் ‘தாங்கள்’, ‘ஐயா’ போல. அர்ஜென்டினாக்காரருக்கோ ‘வோஸ்’ என்பது நண்பனைக் கூப்பிடும் ‘நீ’. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது மொழி ஆராய்ச்சிக்காரர்களுக்குச் சந்தோஷம். எண்பது வயது ஆட்டுக்காரர் அதை ரசிப்பார் என்று சொல்ல முடியாது.

டாக்டர் என்றால் பயந்த காலம்

இந்த மலைகளில் டாக்டரை நம்பத் தயங்குவதற்குப் பின்னால் கறுப்பான சரித்திரம் ஒன்று உண்டு. பலெர்மோவுக்குத் தெற்கே கொர்லியோனே. சினிமா புகழ் வேண்டாம், நிஜக் கதைக்கு வருவோம். 1948 மார்ச்சில் விவசாயத் தொழிற்சங்கத் தலைவர் பிளாசிதோ ரிட்சொத்தோ கடத்திக் கொல்லப்பட்டார். அந்த ராத்திரி அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான் ஜுசெப்பே லெத்தீட்சியா என்ற பதின்மூன்று வயதுப் பையன். கொலையைப் பார்த்த அதிர்ச்சியில் காய்ச்சல் கண்டு பிதற்றினான். அப்பா அவனை ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். அங்கே ஊசி போட்டார்கள். பையன் செத்துப்போனான்.

அந்த ஆஸ்பத்திரியின் தலைவர் டாக்டர் மிகேலே நவார்ரா. அவர்தான் கொர்லியோனே மாஃபியாவின் தலைவரும். அவரிடம் அடியாளாக இருந்து வளர்ந்த லூச்சானோ லெஜ்ஜோ மாட்டுத் திருட்டில் தொழில் பழகியவர். பையனைக் கொன்றது அந்த ஊசிதான் என்று ஊர் அன்றிலிருந்து நம்புகிறது. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. 1958 ஆகஸ்ட் 2 அன்று, காரில் வந்துகொண்டிருந்த நவார்ராவை லெஜ்ஜோவின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். உடன் வந்த இன்னொரு இளம் டாக்டரும் பலியானார். மாஃபியாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்.

ரிட்சொத்தோவின் எலும்புகள் மலைப் பிளவில் கிடைத்து, டி.என்.ஏ. சோதனையில் உறுதியாகி, 2012 மே மாதம்தான் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. ஆட்டுக்காரப் பையனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

உள்ளூர் டாக்டரான நவார்ராவுக்கு எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் அவரைத் தெரியும். யாருக்கும் மாமனும் இல்லாத மச்சானும் இல்லாத அயலூர் டாக்டரிடம் ஒரு நிம்மதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். ஊர்ப் பகையில் அவருக்குப் பங்கில்லை. யார் நிலம், யார் ஓட்டு என்று கேட்காமல் நாடி பிடிப்பார்.

பாலம் சாய்ந்தால் பிரசவம் எங்கே?

டாக்டர் இருந்தாலும் பாதை இருக்க வேண்டும். 2015 ஏப்ரல் 10 அன்று மண் சரிந்து, பலெர்மோ–கத்தானியா நெடுஞ்சாலையின் இமேரா மேம்பாலத் தூண்கள் சாய்ந்தன. தீவு இரண்டாக அறுந்தது. மதோனியே மலைக்காரர்கள் சுற்றி வளைத்து மலைப் பாதையில் திணறினார்கள். கல்தவூத்தூரோ ஊரருகே பழைய திராட்சேரா ஒன்று இருந்தது, மந்தை நடந்த வழி. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கள் தங்கள் சம்பளத்தில் விட்டுக்கொடுத்த பணத்தைப் போட்டு அதைச் சீரமைத்து, சில மாதங்களில் கார் ஓட வைத்தார்கள். ஆடு போன பாதையில் அவசர வண்டி! சாய்ந்த பக்கத்துக்குப் புதுப்பாலம் திறந்தது 2020 ஜூலை 31-இல்.

இன்னொரு பக்கம் எண்ணிக்கை விதி. ஆண்டுக்கு 500 பிரசவம் நடக்காத ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவு கூடாது என்பது 2010-இல் மத்திய அரசும் மாகாணங்களும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. குறைவாகப் பிரசவம் பார்க்கும் இடத்தில் கைப்பழக்கம் குறையும், ஆபத்து கூடும் என்ற நியாயம் உண்மையே. ஆனால் பெத்ராலியா போன்ற இடத்துக்கு அதைப் பொருத்தினால் என்ன ஆகும்? பனி விழும் ஜனவரி ராத்திரியில் வலியெடுத்த பெண்ணை வளைவு வளைவாகக் கடற்கரைக்கு இறக்க வேண்டும். மதோனியே அம்மாக்கள் பலமுறை தெருவுக்கு வந்து போராடினார்கள். விதி அவர்களுக்காக வளையவில்லை.

> பெட்டிச் செய்தி: இத்தாலியின் ‘நீட்’
>
> இத்தாலியில் மருத்துவப் படிப்புக்கு நாடு தழுவிய இட வரம்பைச் சட்டமாக்கியது 1999-இல். ஆறு ஆண்டுப் படிப்பு முடித்தாலும், சிறப்புப் பயிற்சிக்கான உதவித்தொகை இடங்கள் நெடுங்காலம் குறைவாகவே இருந்தன. உள்ளே பலர் நுழைந்து வெளியே சிலர் வரும் இந்த அமைப்பைப் ‘புனல்’ என்று அவர்களே கேலி செய்வார்கள்.
>
> 2025-இல் நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். இப்போது முதல் செமஸ்டரில் யாரும் சேரலாம். அதன் முடிவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கே மேற்கொண்டு இடம். தேர்வை வாசலிலிருந்து வரவேற்பறைக்கு மாற்றி வைத்தார்கள் என்று சொல்லலாம்.

நீட்டித்து நீட்டித்து ஓடும் அனுமதி

வெளிநாட்டுப் பட்டத்தை இத்தாலி சுகாதார அமைச்சகம் அங்கீகரிக்க வழக்கமாகக் காகிதம் காகிதமாக அலைய வேண்டும். கொரோனா வந்த 2020 மார்ச்சில் அவசரச் சட்டம் போட்டு, அங்கீகாரம் முடிவதற்கு முன்பே வேலை பார்க்கலாம் என்று தளர்த்தினார்கள். கொரோனா போனது, தளர்வு போகவில்லை. 2025 கடைசி வரை நீட்டினார்கள், பிறகும் நீட்டினார்கள். முசொமேலிக்கும் பொலிஸ்தேனாவுக்கும் டாக்டர்கள் வந்தது இந்த ஓட்டை வழியேதான்.

ஓட்டை என்று நான் குறையாகச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் அந்த வார்டுகள் பூட்டிக் கிடக்கும். ஆனால் அடுத்த நீட்டிப்பு வருமா வராதா என்று செய்தி பார்த்துக்கொண்டே இருக்கிற டாக்டர் அந்த ஊரில் வீடு வாங்குவாரா, ஒரு யூரோவே ஆனாலும்? பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பாரா?

அமெரிக்காவில் வேறு கணக்கு. அங்கே பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர், டாக்டர் பஞ்சமுள்ள பகுதியில் மூன்று ஆண்டு வேலை செய்தால், சொந்த நாடு திரும்பும் கட்டாயத்திலிருந்து விலக்கு. 1994-இல் தொடங்கிய இந்தத் திட்டம், வடக்கு டகோட்டா என்ற மாட்டுப் பண்ணை மாநிலத்தின் செனட்டர் கென்ட் கான்ராட் பெயரால் வழங்குகிறது. இப்போது மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். நம்மவர் எத்தனையோ பேர் இப்படிக் காட்டுக்குள் போய்த்தான் அமெரிக்கர் ஆனார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ், இந்தத் திட்டம் வருவதற்கு முன்பே எண்பதுகளில் டென்னசி மலையடிவாரச் சிற்றூரில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்த அனுபவத்தை ‘மை ஓன் கன்ட்ரி’ என்று 1994-இல் புத்தகமாக்கினார். அந்தக் கதவும் இறுகுகிறது: 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று டிரம்ப் அறிவித்ததும், கிராமத்து ஆஸ்பத்திரிகளும் அலறின.

மூன்று ஆண்டு என்பது கொத்தடிமைத்தனம் என்று திட்டுபவர்கள் உண்டு. ஆனால் முடிவு தேதி தெரிந்த மூன்று ஆண்டுக்கும், தேதியே தெரியாத மூன்று ஆண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

பெல்லெக்ரீனோ மலையேறும் தமிழர்கள்

பலெர்மோ என்றதும் நம்மில் பலருக்கு அங்குள்ள ஈழத்தமிழர்கள் நினைவுக்கு வருவார்கள். எண்பதுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலோருக்குக் கிடைத்தது வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்பும். இந்து, கிறிஸ்தவர் பேதமில்லாமல் பெல்லெக்ரீனோ மலைக்குகையில் இருக்கும் சாந்தா ரொசாலியாவை வணங்க ஏறுகிறார்கள். 1624-இல் கொள்ளைநோயிலிருந்து பலெர்மோவைக் காப்பாற்றியவள் என்று ஊர் கொண்டாடும் புனிதை அவள். மாரியம்மனை அறிந்தவர்களுக்கு அந்தக் குகை அந்நியமாகத் தெரிந்திருக்காது.

சிசிலிக் கிழவிக்கு மாத்திரை நேரம் பார்த்துக் கொடுத்து, சர்க்கரை அளந்து, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போட்ட கைகளில் நாற்பது ஆண்டாகத் தமிழ்க் கைகளும் உண்டு. அந்தக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் பலெர்மோப் பள்ளிகளில் படித்து, ஊர்க்காரர்களைப் போலவே சிசிலி மொழி பேசுகிறார்கள். அவர்களில் ஒருத்தி டாக்டராகி மதோனியே போனால் தூமா பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தாலியில் பிறந்த வெளிநாட்டார் பிள்ளை, இடைவிடாமல் அங்கேயே வாழ்ந்து, பதினெட்டு வயதான பிறகுதான் குடியுரிமை கேட்கலாம். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு வாசம். அதை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூன் 8, 9 தேதிகளில் வாக்கெடுப்பு நடந்தது. செல்லுபடியாகப் பாதிப் பேராவது ஓட்டுப் போட வேண்டும். வந்தவர்கள் சுமார் 30 சதவீதம்.

அதே ஆண்டு, பூர்விகத்தைக் காட்டிக் குடியுரிமை கேட்பதையும் பெற்றோர், தாத்தா பாட்டி தலைமுறையோடு நிறுத்தினார்கள். கொள்ளுத்தாத்தா சிசிலிக்காரர் என்று காட்டி வரவிருந்த அர்ஜென்டினா டாக்டருக்கும் அந்தக் கதவு சாத்தியாயிற்று.

ரொசாரியோவில் என்ன ஆயிற்று என்பது இந்தக் கதையின் மறுபக்கம். பணவீக்கம் சம்பளத்தைத் தின்ற நாட்டிலிருந்து டாக்டர் கிளம்பினால் அவருடைய நாற்காலி காலியாகிறது. அந்த இடத்துக்கு பொலிவியாவிலிருந்தோ வெனிசுவேலாவிலிருந்தோ ஒருவர் வரலாம். முசொமேலிக்கு வந்தவருக்கும் இத்தாலி முத்திரை விழுந்துவிட்டால் பலெர்மோ தெரியும், மிலான் தெரியும், ஆல்ப்ஸைத் தாண்டினால் சுவிஸ் சம்பளம் தெரியும்.

டாக்சிசைக்ளின் ஒரு வாரத்துக்கு. ஆட்டுக்காரர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். ஏழு நாள் கழித்து வந்து காட்டச் சொல்கிறார் டாக்டர். மந்தை இன்னும் மேலே போயிருக்கும், இறங்கி வர அரை நாள் ஆகும். கதவருகே நின்று திரும்பி, அன்றைக்கும் இங்கே நீங்கள்தானே இருப்பீர்கள் என்று கேட்கிறார். டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் டியூட்டி சார்ட்டைப் பார்க்கிறார். அடுத்த வாரக் கட்டத்தில் இன்னும் பெயர் எழுதவில்லை.